தோற்றமா, பண்பா? ‘எங்களிடம் சாதி இல்லை’ என்னும் திருச்சபையும் தலித் கிறிஸ்தவர்களும்

தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் வழியாகக் குமுளிக்குச் செல்லும் சாலையின் இருமருங்கும் முல்லைப் பெரியாற்று நீர் பாயும் நெல்வயல்கள் விரிந்து கிடக்கின்றன. 1895ல் கட்டி முடிக்கப்பட்ட அணையால் இன்று இப்பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலம் பாசனம் பெறுகிறது. வயல்களை அடுத்துப் பன்னீர் திராட்சைப் பந்தல்கள். இத்திராட்சையைத் தமிழகத்திற்கு 1832ல் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்பது, 2023ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பரவலாகப் பேசப்பட்டது. கிறிஸ்தவம் இப்பள்ளத்தாக்கில் நேற்று வந்ததன்று என்பதற்கு அத்திராட்சைக் கொடியும் ஒரு சாட்சி. ஆலயக் கோபுரங்கள், பள்ளிகள், விடுதிகள், ஆண்டுதோறும் நடக்கும் தேர்ப்பவனிகள் ஆகியவை அதன் கண்கண்ட அடையாளங்கள்.

இவ்வடையாளங்களை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. நம்மில் பலருடைய பெற்றோருக்கு முதல் எழுத்தைக் கற்றுத் தந்தவை இந்தப் பள்ளிகளே. ஆயினும் ஒரு கிறிஸ்தவச் சமூகம் கிறிஸ்தவத் தன்மையுடன் வாழ்கிறதா என்பதை எதைக்கொண்டு அளப்பது என்னும் கேள்வி எஞ்சி நிற்கிறது. கோபுரத்தின் உயரம், பங்கின் செல்வாக்கு, திருவிழாவின் சிறப்பு ஆகியவை தோற்றத்தைச் சேர்ந்தவை. திராட்சைப் பந்தலுக்கடியில் கூலிக்கு நிற்பவரும், விடியுமுன் ஜீப்பில் ஏறிக் கம்பம்மெட்டு வழியாக இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்குச் செல்பவருமான தலித் கிறிஸ்தவர், தம் சொந்தத் திருச்சபைக்குள் எப்படி நடத்தப்படுகிறார் என்பது பண்பைச் சேர்ந்தது. இவ்விரண்டும் பிரியும் இடத்தில் தலித் மக்கள் இழப்பது மரியாதையை மட்டுமன்று. சட்டப் பாதுகாப்பையும் அரசியல் உரிமையையும் அவர்கள் இழக்கிறார்கள். அது எவ்வாறு நிகழ்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மதுரை மிஷன்: தோற்றமே கொள்கையான கதை

தேனி மாவட்டக் கத்தோலிக்கர்கள் இன்று மதுரை உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். இந்நிலப்பரப்பின் கத்தோலிக்க வரலாறு இயேசு சபையாரின் பழைய மதுரை மிஷனுடன் பிணைந்தது. 1606ல் மதுரை வந்த இராபர்ட் தெ நொபிலி, தமக்கு முன்பே அங்குப் பணியாற்றிய போர்த்துகீசியப் பாதிரியாரால் உயர்சாதியினர் எவரையும் ஈர்க்க இயலாததைக் கண்டார். ‘பரங்கி’ என்ற சொல்லே அதற்குக் காரணம் என்று அவர் முடிவு செய்தார். மாட்டிறைச்சி உண்பவன், மது அருந்துபவன், தீண்டத்தகாதோருடன் பழகுபவன் என்பதே அச்சொல்லுக்கு அன்று இருந்த பொருள்.

தாம் பரங்கி அல்லர், உயர்குலத்தவர் என்று நொபிலி அறிவித்தார். காவி உடுத்தினார், புலால் மறுத்தார், முப்புரி நூல் அணிந்தார். மதம் மாறிய உயர்சாதியினர் பூணூலையும் குடுமியையும் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாம் என்றார். 1623ல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி இதற்கு ஒப்புதல் தந்தார். தமிழ் உரைநடைக்கு நொபிலி ஆற்றிய தொண்டு பெரிது. அதை யாரும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் வகுத்த வழியில் ஒரு விலை மறைந்திருந்தது. உயர்சாதியினர் முன் மதிப்பைக் காக்க வேண்டுமானால், ஒடுக்கப்பட்டோரிடமிருந்து குருவானவர் விலகி நின்றாக வேண்டும். 1640 முதல் பண்டாரசாமிகள் எனப்பட்ட தனிக் குருக்கள் ஒடுக்கப்பட்ட சாதியினரிடையே பணியாற்றத் தொடங்கினர். ஒரே நற்செய்திக்கு இருவகைத் தூதர்கள் ஏற்பட்டனர்.

இவ்விலகல் எவ்வளவு ஆழமாகச் சென்றது என்பதற்கு 1704ஆம் ஆண்டு ஆணை ஒன்றே போதிய சான்று. உரோமையிலிருந்து அனுப்பப்பட்ட தூதர் துர்னோன், புதுச்சேரியில் வெளியிட்ட ஆணையில், நோயுற்ற பறையர்களின் வீடுகளுக்குச் சென்று இறுதி அருளடையாளங்களை வழங்கக் குருக்கள் மறுக்கக்கூடாது என்று கட்டளையிட்டார். அப்படி ஓர் ஆணை தேவைப்பட்டது என்றால், சாகக் கிடப்பவரின் வாசற்படியைத் தாண்டாத குருக்கள் இருந்தார்கள் என்பதே அதன் பொருள். 1744ல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் இவ்வாணையின் சாரத்தை உறுதிப்படுத்தினார். அதே வேளையில், பறையர்களுக்கென்று தனிக் குருக்களை நியமிக்கும் இயேசு சபையாரின் யோசனையையும் ஏற்றுக்கொண்டார். வாசற்படியைத் தாண்டச் சொன்ன ஆணை, தாண்டுவதற்கு வேறு ஆளை நியமித்ததோடு நிறைவு பெற்றது.

பந்தியில் நடந்த சோதனை

சீர்திருத்தத் திருச்சபைகளின் வரலாறு சற்று வேறானது. 1833ல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதியை உடனடியாகக் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சையில் உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் கடுமையாக எதிர்த்தனர். மதுரை வட்டாரத்தில் 1834ல் பணி தொடங்கிய அமெரிக்கன் மதுரை மிஷனுக்குப் பெரியகுளமும் ஒரு பணித்தளமாக அமைந்தது. சாதியைத் துறந்ததற்கு அடையாளமாக எல்லோரும் ஒன்றாக அமர்ந்து உண்ண வேண்டும் என்று அம்மிஷன் 1847ல் வலியுறுத்தியது. மறுத்தவர்கள் நற்கருணையிலிருந்து விலக்கப்பட்டனர். உபதேசியார் பலர் பணியை விட்டு நீங்கினர்.

இந்நிகழ்வில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. விலகியவர்கள் ஞானஸ்நானம் பெற்றவர்கள், வேதம் படித்தவர்கள், பிறருக்குப் போதித்தவர்கள். ஒரு கவளம் சோறு அவர்களைத் தடுத்து நிறுத்தியது. பிரசங்கத்தில் வெளிப்படாத சாதி பந்தியில் வெளிப்பட்டது. ஆனால் ஒருமுறை ஒன்றாக உண்டுவிட்டுத் திருமணத்திலும் சொத்திலும் பதவியிலும் பழையபடியே இருந்துவிடலாம் என்பதையும் அடுத்துவந்த தலைமுறைகள் கண்டுகொண்டன. பந்தி நாளடைவில் ஒரு சடங்காக மாறியது.

அதே மதுரையில், அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு அவர்கள் இவ்விடத்திலிருந்துதான் மீண்டும் தொடங்கினார். ‘பரட்டை’ என்று அன்புடன் அழைக்கப்பட்ட அவர், 2005ல் மறையும் வரை நாட்டுப்புற இசையிலும் தெருமொழியிலும் தலித் இறையியலை வளர்த்தார். ஒரே உலையில் பொங்கி எல்லோரும் பகிர்ந்துண்ணும் குடும்பம் என்பது அவருடைய சிந்தனையின் மையம். ஒன்றாக உண்பதைவிட ஒன்றாகச் சமைப்பது கடினம். அரிசி யாருடையது, அடுப்பு யாருடையது, அகப்பை யார் கையில் என்னும் கேள்விகள் அங்கே எழும். சொத்தும் அதிகாரமும் பகிரப்படாத சமத்துவம் வெறும் தோற்றமாகவே நிற்கும் என்பதை உழைக்கும் மக்களுக்குப் புரியும் மொழியில் அவர் சொன்னார்.

வருசநாட்டு மலைகளுக்கு அப்பால், கீழைச் சரிவில் அமைந்த வத்திராயிருப்பை அடுத்த புதுப்பட்டியில் பிறந்தவர் எழுத்தாளர் பாமா. துறவற சபையில் சேர்ந்து, அங்கும் சாதியைக் கண்டு வெளியேறியவர் அவர். 1992ல் வெளிவந்த அவருடைய ‘கருக்கு’ தமிழ் வாசகர்களுக்குப் புதிதன்று. ஏழ்மை வாக்குறுதி எடுத்த மடம் வசதியாக வாழ்வதையும், சமத்துவம் போதிக்கும் இடத்தில் சாதி பேசப்படுவதையும் உள்ளிருந்து பார்த்தவரின் சாட்சியம் அது.

கல்லறைச் சுவர்

வாசலையும் பந்தியையும் அடுத்து, மூன்றாவதாகத் தோற்றம் கலையும் இடம் கல்லறை. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் புதைகுழிகளைப் பிரித்து நின்ற சுவர் பல போராட்டங்களுக்குக் காரணமாயிற்று. விழுப்புரம் மாவட்டத்தில் அன்று இருந்த எறையூரில், சமமாக நடத்தப்படாத தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப்பங்கு வேண்டும் என்று கோரினர். 2008 மார்ச் 9 அன்று அவர்களுடைய குடியிருப்பு சாதிக் கிறிஸ்தவர்களால் தாக்கப்பட்டது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையம் பங்கில் திருவிழாவிலும் நிர்வாகத்திலும் கல்லறையிலும் ஒதுக்கப்படுவதாகத் தலித் கத்தோலிக்கர்கள் தொடுத்த வழக்கு 2025ல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

இவை ஏதோ ஓர் ஊரின் தனிப்பட்ட குறைகள் என்று ஒதுக்குவதற்கில்லை. நெல்லை மாவட்டம் வடக்கன்குளத்தில், சாதிவாரியாக மக்களைப் பிரிக்கும்படியே ஆலயத்தின் உள்ளமைப்பு இருந்தது. 1910ல் பங்குத்தந்தை கௌசானல் அத்தடுப்பை அகற்றியபோது, உயர்சாதியினர் நீதிமன்றத்தை நாடினர். ஆலயத்திற்குள் தனியிடம் கோரச் சாதியின் பெயரால் எவருக்கும் உரிமையில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு நூற்றாண்டுக்கு முன்பே சட்டம் தெளிவாகிவிட்டது. சட்டம் எட்டாத இடங்களுக்குச் சாதி நகர்ந்துகொண்டது: திருவிழாவில் யாருடைய மண்டகப்படி, தேர் எந்தத் தெருவரை வரும், பங்குப்பேரவையில் யார், சவ வண்டி யாருக்கு.

இயேசு தம் காலத்துச் சமயத் தலைவர்களை வெள்ளையடித்த கல்லறைகளுக்கு ஒப்பிட்டார் என்று நற்செய்தி கூறுகிறது. பொன் மோதிரம் அணிந்து வருபவருக்கு நல்ல இருக்கையும் கந்தலுடன் வருபவருக்குக் கால்மாட்டில் இடமும் தருவது பாவம் என்று யாக்கோபின் திருமுகம் இரண்டாம் அதிகாரத்தில் கண்டிக்கிறது. இவ்விரு பகுதிகளும் நம் ஆலயங்களில் வாசிக்கப்படுகின்றன. ஆகவே தலித் கிறிஸ்தவர்கள் கேட்பது புதிய கோட்பாடு எதையும் அன்று. வாசிக்கப்படுவது நடைமுறைக்கு வர வேண்டும் என்பதையே அவர்கள் கேட்கிறார்கள்.

தோற்றத்தின் விலையை யார் செலுத்துகிறார்கள்?

இங்குதான் மாணவர்கள் கூர்ந்து நோக்க வேண்டிய சட்டக் கேள்வி வருகிறது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து மதத்தைத் தவிர வேறு மதத்தைச் சார்ந்தவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது. 1956ல் சீக்கியர்களும் 1990ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர்களும் இஸ்லாமியர்களும் இன்றுவரை வெளியே நிற்கின்றனர். கிறிஸ்தவத்தில் சாதி இல்லை, ஆகவே மதம் மாறியவருக்குச் சாதியக் கொடுமையும் இல்லை என்பதே இதற்குச் சொல்லப்படும் நியாயம்.

இதன் விளைவைப் புரிந்துகொள்ள ஒரு சூழலை எண்ணிப் பார்ப்போம். கம்பத்துக்கு அருகே ஒரே காலனியில் பிறந்த அண்ணன் தம்பி இருவர். தம்பி ஞானஸ்நானம் பெற்றவர், அண்ணன் பெறாதவர். இருவரும் ஒரே ஜீப்பில் ஏறி ஒரே ஏலத் தோட்டத்திற்குச் செல்கின்றனர், ஒரே கூலியைப் பெறுகின்றனர். ஊருக்குள் இருவரும் ஒரே சாதிப்பெயரால் இழிக்கப்படுகின்றனர். அண்ணன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் புகார் தரலாம், தனி ஊராட்சியில் தலைவர் பதவிக்குப் போட்டியிடலாம். தம்பிக்கு அவ்வழிகள் அடைக்கப்பட்டுள்ளன. தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார். மாநில அரசின் சில கல்வி உதவிகள் கிடைத்தாலும், தாக்குதல் நேரும்போது அவை கேடயமாகா. கிறிஸ்தவராக வாழ்பவர் வன்கொடுமைச் சட்டத்தின் பாதுகாப்பைக் கோர இயலாது என்று ஆந்திர உயர் நீதிமன்றம் 2025ல் கூறியது நினைவிருக்கலாம்.

உச்ச நீதிமன்றத்தின் முன் 1985ல் வந்த சூசை வழக்கு இன்னும் முக்கியமானது. சென்னையில் செருப்புத் தைக்கும் தொழிலாளியான அவர், அரசுத் திட்டத்தின்கீழ் பிற ஆதிதிராவிடத் தொழிலாளர்களுக்கு இலவசமாக வழங்கப்பட்ட கடைப்பெட்டி, கிறிஸ்தவர் என்பதால் தமக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து வழக்காடினார். மதம் மாறிய பின்னும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் போதாது என்றது நீதிமன்றம். இந்துச் சமூகத்தில் அனுபவித்த அதே இழிநிலையும் அதே கடுமையும் கிறிஸ்தவச் சமூகத்திற்குள்ளும் தொடர்கின்றன என்பதற்குச் சான்று வேண்டும் என்று கூறி, அவருடைய கோரிக்கையை ஏற்க மறுத்தது.

அச்சான்று எங்கே இருந்தது? தனிக் கல்லறைகளிலும் தனிப் பந்திகளிலும் பங்கு ஆவணங்களிலும் இருந்தது. திருச்சபைகளின் கையில் இருந்தது. வெளியுலகின் முன் மதிப்புக் குறையுமே என்ற அச்சத்தால் அவை பேசாமல் இருந்தன. ‘வீட்டு விவகாரத்தைத் தெருவுக்குக் கொண்டுவர வேண்டாம்’ என்று புகார் சொன்னவர்களின் வாயை அடைத்தன. திருச்சபை தன் நற்பெயரைக் காக்கச் சொல்லிவந்த ‘எங்களிடம் சாதி இல்லை’ என்ற வாக்கியம், செருப்புத் தைக்கும் ஒரு தொழிலாளியின் கடைப்பெட்டியைப் பறிக்கும் வாதத்திற்கு வலுச் சேர்த்தது. தோற்றத்திற்கும் பண்புக்கும் இடையிலான இடைவெளி வெறும் ஒழுக்கப் பிரச்சினை அன்று என்று நாம் சொல்வது இதனால்தான்.

தலித் குடும்பங்கள் பலவற்றில் ஆலயப் பதிவேட்டில் ஒரு பெயரும் பள்ளிச் சான்றிதழில் வேறு பெயரும் இருப்பதை நாம் அறிவோம். இதை ஏமாற்று என்பார் உளர். உள்ளார்ந்த நம்பிக்கையின்றி இடஒதுக்கீட்டிற்காக மட்டும் மதத்தை மாற்றிக் கூறுவது அரசியலமைப்பின் மீதான மோசடி என்று 2024ல் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றமும் குறிப்பிட்டது. ஆனால் நம்பிக்கைக்கும் உரிமைக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடு என்று ஏழையை நிறுத்தியது யார்? வயிற்றுக்காகவும் பிள்ளைகளின் படிப்புக்காகவும் இரண்டு பெயர்களுடன் வாழும் கூலித் தொழிலாளி பொய்யர் எனப்படுகிறார். சமத்துவத்தைப் போதித்துச் சாதியைக் கடைப்பிடிக்கும் நிறுவனங்களும் இரண்டு பெயர்களுடன்தான் வாழ்கின்றன. அவற்றை நோக்கி இச்சொல் எறியப்படுவதில்லை.

அறிக்கையிடலும் அதன் எல்லையும்

மாற்றத்தின் குரல்களும் எழாமல் இல்லை. 2003 நவம்பரில், தமிழக ஆயர்களைச் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கிறிஸ்தவர்களிடையே நிலவும் சாதி முன்முடிவுகள் நற்செய்திப் பணிக்கே தடையாக இருப்பதைச் சுட்டிக்காட்டினார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, தலித் மக்களின் மேம்பாட்டிற்கான கொள்கை ஆவணத்தை வெளியிட்டது. நாட்டின் சுமார் 1.9 கோடிக் கத்தோலிக்கர்களில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்றும், தீண்டாமை திருச்சபைக்குள் நிலவுகிறது என்றும், தலைமைப் பொறுப்புகளில் தலித்துகள் மிகச் சிலரே என்றும் அது ஒப்புக்கொண்டது. தலித் ஒருவர் முதன்முறையாகக் கர்தினால் ஆனது 2022ல்தான்.

இவ்வறிக்கையிடலை நாம் மதிக்கிறோம். தவற்றை ஒப்புக்கொள்வது கிறிஸ்தவப் பண்பின் தொடக்கம். இரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007ல் மதத் தடையை நீக்கப் பரிந்துரைத்ததும், தமிழக சட்டமன்றம் 2023 ஏப்ரலில் அதே கோரிக்கையுடன் தீர்மானம் நிறைவேற்றியதும் அரசியல் தளத்தில் கிடைத்த ஆதரவுகள். ஆயினும் டெல்லியை நோக்கி உரிமை கேட்டு ஊர்வலம் செல்லும் திருச்சபை, தன் ஆளுகைக்கு உட்பட்ட கல்லறைச் சுவரை அகற்ற எந்தச் சட்டத் திருத்தத்திற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அறிக்கையிட்டபின் ஈடு செய்தலும் வேண்டும் என்பது திருச்சபையின் சொந்தப் போதனை. ஈடு செய்யாத அறிக்கை நாளடைவில் இன்னொரு நல்ல தோற்றமாகவே பயன்படும்.

நாம் கேட்க வேண்டியவை

கம்பம் பள்ளத்தாக்கிலும் தேனி மாவட்டமெங்கும் பங்குகளிலும் சேகரங்களிலும் வாழும் இளைஞர்கள் சில எளிய கேள்விகளை எழுத்தில் கேட்கத் தொடங்கலாம். நம் கல்லறைத் தோட்டம் எல்லோருக்கும் ஒன்றா, அல்லது வழக்கத்தின் பெயரால் மூலைகள் பிரிக்கப்பட்டுள்ளனவா? திருவிழா வரி எல்லோரிடமும் சமமாகப் பெறப்படுகிறதா, மண்டகப்படி உரிமை எல்லோருக்கும் உண்டா? தேர் காலனித் தெருவுக்குள் வருகிறதா? பங்குப்பேரவையிலும் சேகரக் கமிட்டியிலும் தலித் மக்களின் பங்கு, அவர்களுடைய மக்கள்தொகைக்கு ஏற்றதா? சபை நடத்தும் பள்ளி, கல்லூரிகளில் ஆசிரியர் நியமனமும் மாணவர் சேர்க்கையும் சாதிவாரியாக வெளியிடப்படுகின்றனவா?

இக்கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகளைப் பதிவு செய்வது இரு வகையில் பயன்படும். உள்ளே, பொறுப்பில் இருப்பவர்கள் மழுப்ப முடியாத நிலை உருவாகும். வெளியே, 1985ல் சூசையிடம் நீதிமன்றம் கேட்ட சான்று ஊர் ஊராகத் திரளும். 2022ல் ஒன்றிய அரசு கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் அமைத்த ஆணையத்தின் ஆய்வுப் பொருளும் இதுவே. இவ்வாறு கேட்பவர்களைத் திருச்சபையின் எதிரிகள் என்று சிலர் தூற்றக்கூடும். அவ்வாறு தூற்றுவோர் காக்க நினைப்பது திருச்சபையின் பெயரை. கேட்பவர்களோ அதன் பண்பைக் காக்க முயல்கிறார்கள்.

முந்நூறு ஆண்டுகளுக்கு முன், சாகக் கிடந்த ஒரு பறையரின் வாசற்படியைத் தாண்டும்படி குருக்களுக்கு ஆணையிட வேண்டியிருந்தது. இன்று பெரும்பாலான குருக்கள் அப்படியைத் தாண்டி வருகிறார்கள், நம் வீடுகளில் தேநீர் அருந்துகிறார்கள். அது உண்மையான மாற்றம். ஆனால் அந்த வீட்டில் இறந்தவரின் உடல் எந்தச் சவ வண்டியில், எந்தத் தெரு வழியாக, கல்லறைத் தோட்டத்தின் எந்தப் பகுதிக்குச் செல்கிறது என்பதை இன்னும் எத்தனை ஊர்களில் சாதியே முடிவு செய்கிறது? ஒவ்வொரு பங்கிலும் இதற்கு நேர்மையான விடை கிடைக்கும்வரை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம்.